வெலிமடையில் வயலை நிரப்ப வந்தால்

டிப்பர் மண்ணோடு வந்து நின்ற பிறகு கத்திப் பயனில்லை. அளவைக்காரர் முளை அடிக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள்.

இலங்கையின் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியில்லாமல் நெற்காணியை நிரப்பக் கூடாது. விவசாயிகளுக்கான அரச அலுவலகமான கமநல நிலையத்தில் வாயால் கேட்டால் "பார்க்கலாம் அக்கா" என்பார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள்: எந்தக் காணி, யார் தந்த அனுமதி, எந்தத் திகதி. காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதிவுத் தபால் துண்டு பத்திரம்!

பிறகு பிரதேச சபைக்கு ஆட்சேபக் கடிதம். "விவசாயம் அழிகிறது" என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் தூங்கும். மேல்வயல் தண்ணீர் எந்த வாய்க்காலால் இறங்குகிறது, அதை அடைத்தால் கீழே யாருடைய போஞ்சிப் பாத்தி மூழ்கும் என்று கையால் ஒரு படம் வரைந்து இணையுங்கள். மழை நாளில் எடுத்த போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. சரிவை வெட்டுகிறார்களா? தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை எங்கே என்றும் கேளுங்கள். என் கணக்கில் அதிகாரிகளை நிமிர்ந்து உட்கார வைக்கும் கேள்வி இதுதான்.

கமக்காரர் அமைப்பில் உள்ள சிங்கள அயலவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம், உங்கள் பிரதியில் சபையின் திகதி முத்திரை விழாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.