பழைய இசை விமர்சனங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய இசை விமர்சனம் என்றாலே ஒரு கதை தவறாமல் வந்துவிடும். வியன்னாவின் இசை விமர்சகர் எடுவார்ட் ஹான்ஸ்லிக், 1881இல் ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் வயலின் கான்செர்ட்டோவை, அதாவது தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, கேட்டுவிட்டு, காதுக்கே நாற்றமடிக்கும் இசையும் உண்டோ என்ற பொருளில் எழுதினார். இன்று அந்தக் கான்செர்ட்டோ உலகமெங்கும் வாசிக்கப்படுகிறது. ஆகவே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடித்துவிடுகிறோம்.

ஒற்றை வரியை வெட்டியெடுத்து ஆளையே எடைபோடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. அதே கட்டுரையில், தொடக்கம் கொஞ்ச நேரம் நன்றாகவே போகிறது என்கிறார் ஹான்ஸ்லிக். மெதுவான நடுப்பகுதியின் ஸ்லாவியச் சோகம் நம்மை ஈர்க்கத் தொடங்குகிறது என்றும் ஒப்புக்கொள்கிறார். முதல் பகுதியிலேயே குறையத் தொடங்கும் அவரது பொறுமை, கடைசிப் பகுதியில் முற்றிலும் போய்விடுகிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் பரம எதிரி என்று பெயரெடுத்த இவரே, 1846இல், 21 வயதில், வாக்னரின் ‘டான்ஹாய்சர்’ என்ற ஓபராவை, அதாவது இசை நாடகத்தை, பாராட்டி நீண்ட கட்டுரை எழுதியவர். முழுதும் படித்தால் முரண்களோடு கூடிய ஒரு ரசிகர் தெரிவார்.

அப்புறம், விமர்சனம் என்றாலே கச்சேரி கேட்டு எழுதியது என்று நினைத்துக்கொள்வது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி 1808 டிசம்பரில் வியன்னாவில் அரங்கேறியது. அதைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற விமர்சனம் வந்ததோ 1810 ஜூலையில், லைப்சிக் நகரின் ‘அல்கெமைன முசிகாலிஷ சைட்டுங்’ இதழில். எழுதியவர் எழுத்தாளரும் இசையமைப்பாளருமான இ. டி. ஏ. ஹாஃப்மன், அப்போது அவர் இருந்தது வியன்னாவில் அல்ல, ஜெர்மனியின் பாம்பெர்க்கில். வாத்தியக்காரர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதல்ல அவர் பேச்சு. இசைக்குறிப்பை முன்னால் வைத்துக்கொண்டு, தொடக்கத்தில் வரும் நான்கு சுரங்களின் சிறு கரு எப்படி வளர்ந்து முழுப் படைப்பையும் கட்டிப்போடுகிறது என்று எடுத்துக்காட்டுகளோடு விளக்குகிறார். பத்திரிகை வாசகனை இசையின் உள்கட்டுமானம்வரை கைபிடித்துக் கூட்டிப்போன அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் வியப்புதான்.

பத்திரிகை யாருடையது என்று பார்க்காமல் படிப்பதும் ஆபத்து. 1798இல் அந்த லைப்சிக் இதழைத் தொடங்கியது பிரைட்காப்ஃப் உண்ட் ஹெர்ட்டல் என்ற இசைப் பதிப்பகம். ஐந்தாம் சிம்பொனியை 1809இல் வெளியிட்டதும் அவர்களே. அதனால் ஹாஃப்மனின் பாராட்டு போலி என்று சொல்ல வரவில்லை. இசைக்குறிப்பு விற்கும் கடையும் விமர்சனப் பக்கமும் ஒரே வீட்டில் இருந்தன, அவ்வளவுதான். பாரிஸிலும் இந்த நெருக்கம் உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் விமர்சனம் எழுதிவந்த ‘ஜூர்னால் தே தெபா’ நாளிதழ் பெர்டான் குடும்பத்துடையது. அந்த வீட்டுப் பெண் லூயீஸ் பெர்டானின் ஓபரா 1836இல் அரங்கேறியபோது, ஒத்திகைகளைக் கவனித்துக்கொண்டவரும் பெர்லியோஸ்தான்.

கட்டுரையின் அடியிலிருக்கும் பெயரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஜெர்மன் இசையமைப்பாளரும் விமர்சகருமான ஷூமன் தன் கட்டுரைகளில் ஃப்ளோரெஸ்டான், யூசிபியஸ் என்று இருவரைப் பேசவிடுவார். ஒருவர் கொதிப்பார், மற்றவர் கனவு காண்பார். இரண்டும் அவரே.

விமர்சகர்கள் எழுத ஆசைப்பட்டுத்தான் எழுதினார்கள் என்பதும் சரியல்ல. பெர்லியோஸுக்கு அது பிழைப்பு. வெறுத்துக்கொண்டே சுமார் 30 ஆண்டுகள் எழுதினார். 1863இல் அரங்கேறிய தன் ட்ராய் ஓபராவிலிருந்து கொஞ்சம் பணம் வந்ததும் முதல் வேலையாக விமர்சனத்தை விட்டார்.