‘மாத்திரை ஒழுங்காக எடுப்பதில்லை’ என்று எழுதும் முன்

போன வாரம் ஒரு ஹவுஸ் சர்ஜன் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார்: ‘மாத்திரை ஒழுங்காக எடுப்பதில்லை.’ இருபது வருடம் முன்பு அதே வரியை எழுதியவன் நான். மருந்தும் சிகிச்சையும் நோயாளியிடம் எப்படி வந்துசேர்கின்றன என்று படிக்கும் சுகாதார அமைப்பு அறிவியலை எம்.பி.பி.எஸ். வகுப்புக்குள் கொண்டுவர முனையும் இளம் ஆசிரியர்களுக்காக, அதில் நாம் செய்யும் தவறுகளைப் பற்றி இதை எழுதுகிறேன். வருகைப்பதிவு, ஸ்லைடு நெரிசல் எல்லாம் உங்களுக்கே தெரியும்; விட்டுவிடுகிறேன்.

வார்டிலிருந்து பிரித்துத் தனிப் பாடமாக்குவது

அன்று என்னிடம் வந்தவர் குமரி மாவட்டத் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர். சர்க்கரை நோய், கால் விரலில் கறுத்த புண். “மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?” என்று சத்தம் போட்டேன். அவர் மனைவி பையிலிருந்து காலி அட்டைகளை எடுத்து மேசையில் அடுக்கினார். “முப்பது நாளைக்குத்தான் தந்தாங்க டாக்டர். படகு கரைக்கு வர நாப்பத்தொரு நாளாச்சு. கடல்ல எங்க போய் வாங்குவாரு?”

அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

பார்மசிஸ்ட்டிடம் யாராவது முன்பே பேசியிருந்தால் இரண்டு மாத மாத்திரைக்கு வழி பிறந்திருக்கலாம். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை வாங்கி மாவட்டக் கிடங்குக்கு அனுப்புகிறது; மருத்துவமனைகள் தங்கள் ஒதுக்கீட்டுக்குள் அங்கிருந்து எடுக்கின்றன. இந்தச் சங்கிலி எனக்கு அன்று தெரியாது. 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. ஆனாலும் ஆள் கடலில் இருக்கிறாரே!

இப்போதும் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சுகாதார அமைப்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆறு கட்டுமானக் கூறுகளை மாணவர்கள் மடமடவென்று ஒப்பிக்கிறார்கள். மறுநாள் காலை வார்டில் அதே வரியை எழுதுகிறார்கள். வகுப்பறையில் படித்தது நோயாளியின் கட்டிலருகே வந்து சேரவே இல்லை. புதிய பாடவேளை எதற்கு? ரவுண்ட்ஸில் ஒவ்வொரு கேஸுக்கும் கேளுங்கள்: மாத்திரை தீரும் நாள் எது, அன்று இவர் எங்கே இருப்பார்? பதிலை டிஸ்சார்ஜ் அட்டையிலேயே எழுத வையுங்கள்.

மருத்துவர்களே எல்லாம் கற்பிப்பது

பார்மசிஸ்ட்டோடும் கிராம சுகாதார செவிலியரோடும் மாணவர் ஒரு முழு நாள் இருக்கட்டும்.

தேர்வில் கேட்காமல் விடுவது

கேளுங்கள்.

குடும்பத் தத்தெடுப்பைக் கணக்கெடுப்பாக்குவது

மாணவர்கள் சில குடும்பங்களைப் பொறுப்பேற்று அவர்கள் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிப்பதுதான் குடும்பத் தத்தெடுப்பு. அதற்காகப் பேச்சிப்பாறைக்கு மேலே மலைக் குடியிருப்புக்குப் போய்வந்த மாணவி, எல்லாருடைய ரத்த அழுத்தத்தையும் பிசகின்றிக் குறித்திருந்தார். கீழே வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். தெரியவில்லை. அடுத்த முறை அதைக் கேட்டுவிட்டுத்தான் கருவியை வெளியே எடுத்தாராம்.