கல்மரக் காட்டுக்குள் இறங்கி நடக்க: அரிசோனா வண்ண மண்மேடுகளுக்கு ஒரு வழிகாட்டி

அரிசோனாவின் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் 28 மைல் சாலையைக் காரிலேயே கடந்து, ஏழெட்டு இடங்களில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, அரை நாளில் வெளியே வந்துவிடுகிறார்கள். கல்மரம் எப்படி இருக்கும் என்று பார்க்க அது போதும். நீலமும் சிவப்பும் சாம்பலுமாக அடுக்கடுக்காக நிற்கும் மண்மேடுகளுக்குள் இறங்கி நடக்க ஆசையிருந்தால் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும். தூரமோ ஏற்றமோ இங்கே பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் மண்தான்.

காலடியில் இருப்பது சின்லே படிவம். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ட்ரயாசிக் காலத்தின் பிற்பகுதியில், ஆறுகள் கொண்டுவந்து போட்ட வண்டலும் எரிமலைச் சாம்பலும் கலந்த அடுக்குகள். ஆற்றில் அடித்துவரப்பட்ட மரங்கள் இந்த வண்டலில் புதைந்தன. காற்றுப் புகாததால் மரம் அழுகுவது தள்ளிப்போனது. சாம்பலிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்த சிலிகா மரத்துக்குள் ஊறி, குவார்ட்ஸாகப் படிந்தது. அந்தச் சாம்பலே பின்னால் பென்டோனைட் களிமண்ணாகவும் மாறியது. மரத்தைக் கல்லாக்கியதும், இன்றைக்கு நடப்பவர்கள் காலை வாரிவிடுவதும் ஒரே சாம்பல்தான். விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரையில் கல்மரங்களைப் பார்த்தவர்களுக்கு மரம் புதிதாக இருக்காது. ஆனால் அவை சுமார் 2 கோடி ஆண்டு வயதுடையவை. இவை அதைப்போலப் பத்து மடங்கு பழையவை.

களிமண்ணை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பென்டோனைட் தண்ணீர் பட்டால் பல மடங்கு உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதனால் மேடுகளின் மேல்தோல் பொரி பரப்பியதுபோல இருக்கும். பார்க்க மெத்தென்று தெரிந்தாலும், கீழே இறுகிய களிமண். மேலே இரண்டு மூன்று விரற்கடை அளவுக்கு உதிரி. சரிவில் கால் வைத்தால் அந்த உதிரி உருண்டு, காலையும் சேர்த்துக் கீழே இழுத்துக்கொண்டு போகும். இங்கே விழுகிறவர்களில் பலர் விழுவது இறங்கும்போதுதான்.

அதனால் மேட்டின் முதுகில் ஏறி நடக்காதீர்கள். மேடுகளுக்கு இடையே ஓடும் வறண்ட ஓடைகளின் மணல் தரையில் நடங்கள். சரிவில் இறங்கியே ஆக வேண்டுமானால் பக்கவாட்டில் திரும்பி, சிறுசிறு அடியாக, முழுப் பாதமும் பதியும்படி வையுங்கள். குதிகாலை ஊன்றி வேகமாக இறங்குவது மணலுக்குச் சரி, இங்கே சரிப்படாது. ஓடைக்கரையின் விளிம்பிலும் நிற்காதீர்கள். மழைநீர் களிமண்ணுக்குள் சுரங்கம் போலத் துளைத்துப் போயிருக்கும். மேலே தரை முழுசாகத் தெரியும், உள்ளே வெற்றிடம். தரையில் காரணமில்லாமல் ஒரு குழி தெரிந்தால் அதன் மேட்டுப் பக்கத்திலும் சரிவுப் பக்கத்திலும் நடக்காமல் சுற்றிப் போய்விடுங்கள்.

முதுகில் ஏறக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சரிவில் பதியும் தடம் அடுத்த நல்ல மழை வரை அப்படியே கிடக்கும். ஓடையில் பதியும் தடம் ஒரே வெள்ளத்தில் போய்விடும்.

ஈரமாக இருக்கும்போது கதையே வேறு. ஒவ்வொரு அடிக்கும் ஷூவின் அடியில் ஒரு அடுக்கு மண் ஒட்டிக்கொள்ளும். பத்து அடி போவதற்குள் கால் கனத்துவிடும், பிடிமானமும் போய்விடும். கீழே இறங்கிய பிறகு மழை பிடித்துக்கொண்டால் அதே சரிவில் ஏறி வருவது நடக்காத காரியம். புறப்படும் முன் ஒரு சோதனை: பாதை தொடங்கும் இடத்தில் பொரிந்த மண்ணில் குதிகாலை அழுத்தித் திருப்புங்கள். பொடியாக உதிர்ந்தால் போகலாம். வழவழவென்று மின்னிக்கொண்டு தடம் பதிந்தால் அன்றைக்குக் கீழே இறங்கும் திட்டத்தை விட்டுவிட்டுத் தளம் போட்ட பாதைகளில் நடங்கள். பெரிய மழைக்குப் பிறகு ஓரிரண்டு நாள் விட்டுப் போவது நல்லது.

எப்போது போவது

அக்டோபரும் நவம்பர் முதல் பாதியும்தான் எங்கள் தேர்வு. மார்ச் முதல் மே வரை காற்று பிய்த்து எடுக்கும். மணல் கண்ணில் அடிக்கும், மற்றபடி நடக்கலாம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பருவமழைக் காலம். காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும். மதியத்துக்கு மேல் இடிமேகம் திரளும். ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளியில், நின்றுகொண்டிருப்பவற்றில் உயரமானது நீங்களாகத்தான் இருப்பீர்கள். அந்த மாதங்களில் பகல் 12 மணிக்குள் காருக்குத் திரும்பிவிட வேண்டும். தொலைவில் பெய்த மழைக்கும் ஓடையில் வெள்ளம் வரும் என்பதால் தலைக்கு மேல் மேகம் இல்லை என்பது ஆறுதல் ஆகாது.

குளிர்காலத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அதிகாலையில் தரை உறைந்து கெட்டியாக இருப்பதால் நடை சுகமாக இருக்கும். வெயில் ஏற ஏற உறைந்தது இளகி, போன பாதையே திரும்பும்போது சேறாகியிருக்கும். திரும்பும் நேரத்தை அதற்கேற்ப வையுங்கள்.

இன்னொன்று கடிகாரம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் வழக்கத்தை அரிசோனா பின்பற்றுவதில்லை. பக்கத்திலேயே இருக்கும் நவஹோ நேஷன் என்ற பழங்குடி நிலப்பகுதி பின்பற்றுகிறது. போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காட்டும். தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு ஃபீனிக்ஸ் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பூங்கா இரவில் மூடப்படும். மாலையில் வாசலைச் சாத்திவிடுவார்கள். இன்றைய நேரம் என்ன என்று உள்ளே நுழையும்போதே கேட்டுவிடுங்கள். கோடையில் சூரியன் மறைவதை உள்ளே இருந்து பார்க்கும் எண்ணமிருந்தால், இரவு தங்கும் பெர்மிட் எடுக்காமல் அது முடியாது.

எந்தப் பாதை

முதல் முறை வருகிறவர்கள் ப்ளூ மேசாவிலிருந்து தொடங்கலாம். 1 மைல் சுற்றுப்பாதை. தொடக்கத்தில் செங்குத்தான இறக்கம், அப்புறம் சமதரை. தளம் போட்ட பகுதியும் ஜல்லி போட்ட பகுதியும் கலந்திருக்கும். நீலமும் ஊதாவும் சாம்பலுமான மேடுகள் இருபக்கமும் நிற்க, மேலிருந்து உருண்டு வந்த கல்மரத் துண்டுகள் அடிவாரத்தில் கிடக்கும். உச்சி வெயிலில் நிறமெல்லாம் வெளிறிவிடும். மேகமூட்டமான நாளில்தான் அந்த நீலம் நீலமாகவே தெரியும். படம் எடுப்பவர்கள் அதைப் பார்த்துப் போங்கள்.

இதற்கு நீட்டிப்பு ப்ளூ ஃபாரஸ்ட் பாதை. போக வர 3 மைல். 1930களில் சிசிசி என்ற அரசு வேலைத்திட்டத்தின் தொழிலாளர்கள் போட்ட பழைய பாதை இது. டீப்பீஸ் மேடுகளுக்கு அருகே பிரதான சாலையோரத்திலிருந்து ஏறி ப்ளூ மேசா சுற்றுப்பாதையில் போய்ச் சேரும். தனித்து நடந்த அனுபவம் இல்லாதவர்களுக்கு, தளம் போட்ட பாதைக்கு வெளியே நடக்கப் பழக இதைவிடத் தோதான இடம் கிடையாது.

கல்மரங்களை நிறையப் பார்க்க வேண்டுமானால் ஜாஸ்பர் ஃபாரஸ்ட். 2.5 மைல். பார்க்கிங்கிலிருந்து பழைய சாலைத் தடத்தைப் பிடித்துக் கீழே இறங்கினால், வழி நெடுக மரம்தான். கிரிஸ்டல் ஃபாரஸ்ட் முக்கால் மைல் சுற்று; நல்ல படிகங்களை அந்தக் காலத்திலேயே உடைத்து எடுத்துப்போய்விட்டார்கள். 1906-இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்ததற்கு இந்தக் கொள்ளையும் ஒரு காரணம். தேசியப் பூங்காவானது 1962-இல். தெற்கே லாங் லாக்ஸ், அகேட் ஹவுஸ் இரண்டையும் சேர்த்து நடந்தால் 2.6 மைல், அகேட் ஹவுஸ் கல்மரத் துண்டுகளையே சுவராக அடுக்கிக் கட்டிய பழங்குடி வீடு. குழந்தைகள், வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இந்தத் தெற்குப் பக்கம் போதும்.

வடக்கே பெயின்டட் டெசர்ட் வெட்டவெளிதான் உண்மையான சோதனை. பெயின்டட் டெசர்ட் இன் என்ற பழைய விடுதிக் கட்டடத்துக்குப் பின்னாலிருந்து ஒற்றையடிப் பாதை வளைந்து வளைந்து கீழே இறங்கும். தரையைத் தொட்டதும் பாதை மறைந்துவிடும். அதற்கப்புறம் உங்கள் வழி உங்கள் பொறுப்பு. கீழே இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பி நின்று மேலே பாருங்கள். விளிம்பில் அந்தக் கட்டடம் தெரியும். அதற்கும் ஏறும் பாதையின் அடிக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஜிபிஎஸ்ஸிலும் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் வெயில் மாறும்போது காலையில் பார்த்த சிவப்பு மேடு வேறு மேடாகத் தெரியும். நிறத்தை அடையாளமாக வைத்துக்கொண்டவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். மேட்டின் வடிவத்தை வைத்து வழி பிடியுங்கள்.

லித்தோடென்ட்ரன் வாஷ் என்ற அகன்ற ஓடை குறுக்கே வரும். பெரும்பாலும் வறண்டு கிடக்கும். மழைக்குப் பின் அதன் மணல் மேலே காய்ந்தும் உள்ளே குழைவாகவும் இருக்கலாம். கைத்தடியால் குத்திப் பார்த்துக் கடங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் கடக்கவே வேண்டாம். ஓடைகள் பிரியும் இடத்தில் திரும்பிப் பார்க்கும் பழக்கம் முக்கியம்: போகும்போது இரண்டு ஓடை ஒன்றாகச் சேர்வது கண்ணில் படாது, திரும்பும்போது ஒன்று இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

பகல் நடைக்குப் பெர்மிட் தேவையில்லை. டெவில்ஸ் பிளேகிரவுண்ட் என்ற பகுதி மட்டும் விதிவிலக்கு. அதற்குத் தனி அனுமதி, எண்ணிக்கையும் குறைவு. இரவு தங்க இலவசப் பெர்மிட்டை நேரில் வாங்க வேண்டும். தீ மூட்டக் கூடாது. காரோடு கூடாரம் போடும் வசதி பூங்காவுக்குள் இல்லை. பாதையில்லாத ஒவ்வொரு நடைக்கும் படத்தோடு கூடிய வழிக்குறிப்பு பார்வையாளர் மையத்தில் கிடைக்கும். போனில் சிக்னல் இருக்கும் என்று நம்பாமல் அதையும் ஒரு ஆஃப்லைன் வரைபடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் என்ன

தண்ணீர். குளிர்ந்த மாதங்களில் 3 மைல் நடைக்கு ஆளுக்கு 2 லிட்டர். கோடையிலோ, பெயின்டட் டெசர்ட்டில் முழு நாளோ என்றால் 4 லிட்டர். நடைபாதையில் எங்கும் குழாய் கிடையாது, ஓடைத் தண்ணீரில் களிமண் மிதப்பதால் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வியர்ப்பதே தெரியாத அளவுக்குக் காற்று வறண்டது. தாகத்துக்குக் காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை குடியுங்கள். வெறும் தண்ணீராகவே குடித்தால் தலை கிறுகிறுக்கும், உப்பும் உள்ளே போக வேண்டும். சாப்பாட்டுக்குப் புளியோதரையும் ஊறுகாயும் இந்த ஊருக்கென்றே செய்ததுபோலப் பொருந்தும். தயிர்சாதத்தைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், திரும்பி வரும்போது புளித்துக் காடியாகியிருக்கும்.

1,600 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த மேட்டுநிலத்தில் குளிர்ந்த நாளிலும் வெயில் சுடும். அகல விளிம்புத் தொப்பி, முழுக்கை சட்டை. ஷூவின் அடியில் ஆழமான பள்ளங்கள் இருந்தால் களிமண் அதில் அடைத்துக்கொள்ளும். பள்ளங்கள் ஆழமில்லாமல், இடைவெளி விட்டு இருப்பவை மேல். உடைந்த கல்மரச் சில்லுகள் கத்தியாக இருக்கும், அதனால் செருப்பு கூடாது. வெயில் காலத்தில் கட்டைகளின் நிழலில் நச்சுள்ள ராட்டில் பாம்பு படுத்திருக்கலாம். பார்க்காத இடத்தில் கை வைக்காதீர்கள்.

மரத்தைப் பார்ப்பது எப்படி

ரம்பத்தால் அறுத்ததுபோலத் துண்டுதுண்டாகக் கிடப்பதைப் பார்த்து யார் வெட்டினார்கள் என்று கேட்பவர்கள் அதிகம். யாரும் வெட்டவில்லை. குவார்ட்ஸ் வளையாது, புதைந்திருந்த நிலம் அசைந்தபோது குறுக்கே முறிந்தது. கிளையும் பட்டையும் ஆற்றில் வரும்போதே போய்விட்டதால் கிடைப்பதெல்லாம் அடிமரம்தான். சிவப்பு, மஞ்சள், பழுப்பு இரும்பினால். கறுப்புக்குக் காரணம் மாங்கனீஸ் அல்லது கார்பன். வெள்ளை கிட்டத்தட்டச் சுத்தமான குவார்ட்ஸ். வெட்டுமுகத்தில் கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் தடவினால் நிறம் பளிச்சென்று எழும். பக்கவாட்டில் உற்றுப் பாருங்கள், உள்ளே பொந்து இருந்த இடத்தில் படிகங்கள் தெரியலாம்.

தொடலாம், கட்டை மேல் ஏறக் கூடாது. விரல்நகம் அளவுச் சில்லைக்கூட எடுத்துப் போவது குற்றம். எடுத்துப் போனவர்கள் மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. வந்த துண்டுகளை மறுபடி நிலத்தில் போட முடியாது; எந்த இடத்து மரம் என்று தெரியாததால் ஆய்வுக்கு அது குழப்பம்தான். ஒரு துண்டு வேண்டுமென்றால் பக்கத்து ஊரான ஹோல்ப்ரூக்கின் கடைகளில் தனியார் நிலத்தில் எடுத்தது கிடைக்கும். பூங்காவுக்குள் நுழையும் முன்பே வாங்கியிருந்தால் வாசலில் சொல்லிவிடுங்கள், பில்லையும் கையில் வைத்திருங்கள்.

காருக்குத் திரும்பியதும் ஷூவை ஒன்றோடொன்று தட்டி, பெரிய கட்டிகளை அங்கேயே உதிர்த்துவிடுங்கள். மீதியை விடுதிக் குளியலறையில் கழுவ வேண்டாம். இந்த மண் தண்ணீரில் உப்பிக் குழாயை அடைத்துவிடும். ஒரு இரவு வெளியே காயவிட்டு, மறுநாள் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பொடிப்பொடியாக வந்துவிடும்.