லுத்தரன் உயர்நிலைப் பள்ளியா? முதலில் கால அட்டவணையைக் கேளுங்கள்

லுத்தரன் என்றால் மார்ட்டின் லுத்தர் வழிவந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தச் சொல் எனக்கு நினைவூட்டியது ஒன்றைத்தான்: தரங்கம்பாடி, 1706, அங்கே வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு. பள்ளியில் மனப்பாடம் செய்தது. மகள் எட்டாம் வகுப்பை முடிக்கவிருந்தபோதுதான், இங்கே மிசௌரியில் எங்கள் வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரத்திலேயே ஒரு லுத்தரன் உயர்நிலைப் பள்ளி இருப்பது உறைத்தது. நாங்கள் இந்துக்கள். அவள் இப்போது அங்கே பதினோராம் வகுப்பு. நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை, அடுத்து வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதல் கேள்வி, எந்த லுத்தரன்? அமெரிக்காவில் அது ஒரே சபை அல்ல. 1847இல் தொடங்கிய மிசௌரி சினாடு (சினாடு என்றால் சபைகளின் கூட்டமைப்பு), 1850இல் தொடங்கிய விஸ்கான்சின் சினாடு, 1988இல் பல சபைகள் இணைந்து உருவான ஈ.எல்.சி.ஏ. (அமெரிக்க இவாஞ்சலிக்கல் லுத்தரன் சபை) என்று பெரியவை மூன்று. முதல் இரண்டும் பழமையில் உறுதியானவை, பெண்களைப் போதகர்களாக்குவதில்லை, உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்பதே அவற்றின் போதனை. அதனால் உயிரியல் ஆசிரியரை நேரில் பாருங்கள். நான் பார்த்தேன். பரிணாமத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் பாடநூலைப் புரட்டி அந்த அத்தியாயத்தைக் காட்டினார். ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். “இதை முழுவதும் நடத்துவேன். சபை என்ன சொல்கிறது என்பதையும் சொல்வேன். தேர்வில் இதுதான் வரும்” என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. உங்களுக்குப் போதாமல் இருக்கலாம். அதைச் சேர்ப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

வேதபாடம் நான்கு ஆண்டுகளும் கட்டாயம், மதிப்பெண்ணும் உண்டு. 1529இல் லுத்தர் எழுதிய சிறு ஞானோபதேசம் என்ற கேள்வி பதில் நூலிலிருந்து கேள்வி வரும். “எங்கள் பிள்ளைக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்” என்று கேட்பதில் பயனில்லை. வழிபாடு நடக்கும் நாளாகப் பார்த்துப் போய் உட்கார்ந்து பாருங்கள். நான் போன அன்று உடற்பயிற்சிக் கூடத்தின் படிவரிசை இருக்கைகளில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே சிலுவை. கணக்கு ஆசிரியர் வேதம் வாசித்தார். இருபது நிமிடம். பின்வரிசையில் ஒருவன் தூங்கினான், யாரும் எழுப்பவில்லை. பாட்டு தொடங்கியதும் அவனும் எழுந்து நின்று பாடினான், அதுவும் சுருதி சேர!

பள்ளி அச்சிட்டுத் தரும் பாடப் பட்டியலில்தான் நான் ஏமாந்தேன். அதில் வயலின் வகுப்பு இருந்தது. மகள் ஆறு ஆண்டு வயலின் கற்றவள். ஆகஸ்டில் ஒரு மின்னஞ்சல் வந்தது: நான்கு பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள், இந்த ஆண்டு வகுப்பு இல்லை. சிறிய பள்ளியில் பட்டியலில் இருப்பது வேறு, வகுப்பறையில் நடப்பது வேறு. ஆகவே பட்டியலை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். இந்த ஆண்டு எந்தப் பீரியடில் எந்த ஆசிரியர் எந்தப் பாடம் நடத்துகிறார் என்ற முழுக் கால அட்டவணையைக் கேளுங்கள். முடிந்தால் போன ஆண்டினுடையதையும். ஏ.பி. (கல்லூரித் தரத்துப் பாடம்) இயற்பியல் போன்றவை ஓராண்டு விட்டு ஓராண்டு வருவதுண்டு. உங்கள் பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பு எந்த ஆண்டில் விழுகிறது என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். கல்லூரிக் கிரெடிட்டும் சேர்த்துத் தரும் பாடங்கள் இருந்தால், அந்தக் கிரெடிட்டை எந்தக் கல்லூரிகள் ஏற்கின்றன என்றும் கேளுங்கள்.

வயலின் போன கோபத்தில் மகளைப் பாடகர் குழுவில் சேர்த்தேன். லுத்தரே பாட்டு எழுதியவர். கூடிப் பாடுவது அவர்கள் மரபிலேயே ஊறியது. நான்கு குரல் வரிசையில் ஆல்ட்டோ என்ற தாழ்ந்த பெண் குரலில் பாட அவளுக்குக் கிடைத்த பயிற்சி, நான் காசு கொடுத்துத் தேடியிருந்தாலும் கிடைத்திராது. விளையாட்டிலும் சிறிய பள்ளிக்கு ஒரு லாபம் உண்டு. ஈராயிரம் பேர் படிக்கும் பள்ளியில் வாலிபால் அணியின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டாள். இங்கே ஆள் போதாமல் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள்.

கற்றலில் தனி உதவி தேவைப்படும் பிள்ளையானால் நிதானியுங்கள். பொதுப் பள்ளி தரும் ஐ.இ.பி. என்ற தனிப்பட்ட கல்வித் திட்டத்துக்கான சட்ட உரிமை, பெற்றோர் தாமாகத் தேர்ந்தெடுக்கும் தனியார் பள்ளிக்கு அப்படியே கூட வராது. ஊரிலிருந்து மாணவர் விசாவில் வருகிற பிள்ளையென்றால் கதை நேரெதிர்: எஃப்-1 விசாவில் பொது உயர்நிலைப் பள்ளியில் 12 மாதம்தான் படிக்கலாம், ஐ-20 (மாணவர் விசாவுக்குப் பள்ளி தரும் சேர்க்கைப் படிவம்) தரும் அனுமதி பெற்ற தனியார் பள்ளியில் நான்கு ஆண்டும் படிக்கலாம்.

இனிப் பணம். ‘டியூஷன்’ என்று தாளில் பார்த்ததும், இங்கேயும் மாலை வகுப்புக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா என்று என் மாமியார் கேட்டார். பள்ளிக் கட்டணத்துக்கே இங்கே அதுதான் பெயர். சபை உறுப்பினருக்கு ஒரு கட்டணம், மற்றவருக்கு அதிகம் என்பது பல பள்ளிகளில் வழக்கம். பதிவு, மடிக்கணினி, விளையாட்டு, பட்டமளிப்பு என்று தனித்தனியாக வருவதையெல்லாம் ஒரே தாளில் கூட்டித் தரச் சொல்லுங்கள். உதவித்தொகைக்கு வருமான வரித் தாக்கல் நகல் கேட்பார்கள். நிதி தீருமுன், குளிர்காலத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். கல்விக்காக வரிச் சலுகையோடு சேமிக்கும் 529 கணக்கிலிருந்து பள்ளிக் கட்டணம் கட்ட 2018 முதல் மத்திய வரிச் சட்டம் இடம் தருகிறது: ஆண்டுக்கு 10,000 டாலராக இருந்த வரம்பு 2026 முதல் 20,000. மாநில வரி விதி வேறாக இருக்கலாம், கணக்காளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தேவாலயம் நடத்தும் பள்ளிதானே என்று கட்டணத்தை நன்கொடையாகக் காட்ட முடியாது.

விண்ணப்பத்தில் ‘நீங்கள் சேர்ந்த சபை’ என்று ஒரு வரி இருக்கும். காலியாக விடாதீர்கள், தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பார்கள். நான் ‘இந்து’ என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகப் பெண்மணி படித்தார், புன்னகைத்தார், மேசை இழுப்பறையைத் திறந்து உறுப்பினர் அல்லாதோருக்கான கட்டணத் தாளை எடுத்து நீட்டினார்.