ஒரு டப்பா புளியங்கொட்டையும் கணக்கு வகுப்பும்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நடுவே மாலை வகுப்பு எடுக்கிறேன். பீகார், ஒடிசாப் பிள்ளைகள், தேனிப் பக்கமிருந்து வந்தவர்கள், உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே பாயில்தான். மூன்றாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் ஒட்டிக்கொண்டு உட்காரும்.

இப்படிக் கலந்த கூட்டத்துக்குக் கணக்கு சொல்லித்தர எந்த விளையாட்டு சரி என்று கேட்டால், வினாடி வினா வேண்டவே வேண்டாம். முந்திக் கை தூக்கும் இரண்டு பேருக்குத்தான் அது விளையாட்டு. தமிழ் சரளமாக வராத பிள்ளை, விடை தெரிந்தாலும் வாயைத் திறக்காது. கையால் ஆடுகிற, கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்த ஆட்டமாகப் பாருங்கள்.

என் முதல் தேர்வு பல்லாங்குழி. பலகை தேட வேண்டாம். தரையில் சாக்பீஸால் ஏழேழு வட்டமாக இரண்டு வரிசை போதும். வட்டத்துக்கு ஐந்து புளியங்கொட்டை. பெரிய பிள்ளை ஒன்று, சின்னது ஒன்று, வேறு வேறு ஊர்க்காரர்களாக ஜோடி சேருங்கள். மொத்தக் கொட்டையைச் சின்னது எண்ண வேண்டும், பெரியது பெருக்க வேண்டும். இருவருக்கும் 70 வந்த பிறகுதான் ஆட்டம்.

நானாகச் சேர்த்த விதி ஒன்று உண்டு. குழியிலிருந்து அள்ளும் முன், அந்தக் கையின் கடைசிக் கொட்டை எங்கே விழும் என்று விரலால் காட்ட வேண்டும். சரியாக இருந்தால் என் டப்பாவிலிருந்து ஒரு கொட்டை பரிசு. புதிதாகச் சேர்ந்த ஒடிசாச் சிறுமி ஒருத்தி யாரிடமும் பேசவில்லை. உதடு மட்டும் ‘துயி, தினி, சாரி’ (ஒடியாவில் இரண்டு, மூன்று, நான்கு) என்று அசைய, விரல் வட்டம் வட்டமாகத் தாவிப் போய்ச் சரியான இடத்தில் நின்றது. எதிரே இருந்த ஏழாம் வகுப்புப் பையன் வாயடைத்துப் போனான்!

பெரிய பிள்ளைகளுக்குத் தாயம். கட்டையின் மூன்று பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள்; நான்காவது பக்கம் வெறுமை. இரண்டு கட்டைகளையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதை அவர்களையே கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள். தாயம், அதாவது ஒன்று, இரண்டே விதத்தில் விழும்; ‘மூன்று’ என்ற எண் நான்கு விதத்தில் விழும்; இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் வரும் பன்னிரண்டு ஒரே விதத்தில். ‘தாயமே விழமாட்டேங்குது’ என்று புலம்பியவனுக்குக் காரணம் அப்போது புரியும்.

சண்டை வரும். ஊருக்கு ஊர் விதி மாறும் அல்லவா? ஆடும் முன்பே ‘உங்க ஊர்ல எப்படி?’ என்று கேட்டு, அன்றைய விதியைச் சுவரில் எழுதிவிடுங்கள். பீகார்ப் பிள்ளைகள் கித்கித் என்று ஆடுவது நம் நொண்டிதான். அதை அவர்களே நடத்தட்டும். கட்டங்களில் மூன்றாம் வாய்ப்பாட்டை எழுதிவிட்டால் அதுவும் கணக்குதான்.

ஆட்டம் சூடாக இருக்கும்போதே நிறுத்தி, ஆடியதை நோட்டில் கணக்காக எழுதச் சொல்லுங்கள். அப்புறம், டப்பாவில் 100 கொட்டைக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நாலைந்து யார் பாக்கெட்டிலாவது போய்விடும்.