கலிபோர்னியா பள்ளி மாவட்டத்தில் உபகரணப் பதிவேடு: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

கலிபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்ட (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் சேர்ந்திருக்கிறீர்களா? உபகரணப் பதிவேடு சீக்கிரமே உங்கள் கைக்கு வரலாம். மாநிலக் கல்விச் சட்டத்தின் 35168-ஆம் பிரிவு, மத்திய அரசு நிதிக்கான 2 சிஎஃப்ஆர் 200.313 (மத்திய அரசு விதித் தொகுப்பில் உள்ள ஒரு விதி), இந்த இரண்டும்தான் அடிப்படை.

முதல் படி: எதை எழுதுவது?

மாநிலச் சட்டப்படி, சந்தை மதிப்பு 500 டாலரைத் தாண்டும் ஒவ்வொரு உபகரணமும் பதிவேட்டில் ஏற வேண்டும். மத்திய விதியின் வரம்பு 5,000 டாலராக இருந்தது. 2024 அக்டோபரில் 10,000 ஆனது. புதியவர்கள் இந்தப் பெரிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு 900 டாலர் லேப்டாப்பை விட்டுவிடுகிறார்கள். மாநிலச் சட்டம் அதை விடாது. 300 டாலர் குரோம்புக் இரண்டு வரம்புக்கும் கீழேதான். ஆனாலும் எளிதில் காணாமல் போகும் பொருள் என்பதால் அதற்கும் டேக் ஒட்டிவிடுங்கள்.

இரண்டாம் படி: வந்த அன்றே பதிவு

பெட்டி வகுப்பறைக்குப் போவதற்கு முன் டேக் ஒட்டி, விவரம், சீரியல் எண், வாங்கிய தேதி, விலை, இருக்கும் அறை, பொருளின் நிலை எல்லாவற்றையும் எழுதுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நிதி ஆதாரம். டைட்டில் 1 பணமா (ஏழைக் குடும்பப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கான மத்திய நிதி), சிறப்புக் கல்விப் பணமா, பொது நிதியா? பாதிப் பாதி என்றால் மத்திய அரசின் பங்கு எத்தனை சதவீதம்? சிறப்புக் கல்வி நிதியில் வாங்கிய ஐபேடை அலுவலக வேலைக்கென்று எடுத்துக்கொண்டால், அந்தப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது வேறெங்கோ போய்விடுகிறது. இந்தக் கட்டம் காலியாக இருந்தால் அதைக் கேட்கவே யாருக்கும் வழியில்லை. நிதிக் குறியீடு கொள்முதல் ஆணையிலேயே இருக்கும். அன்றைக்கே பார்த்து எழுதிவிடுங்கள். மூன்று வருடம் கழித்துத் தேடினால் ஆணை போட்டவரே வேலை மாறிப் போயிருப்பார்.

மூன்றாம் படி: இடம் மாறினால்

அறை மாறினாலும் பள்ளி மாறினாலும் ஓர் இடமாற்றப் படிவம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: நேரில் எண்ணுவது

மத்திய நிதியில் வாங்கியவற்றை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது நேரில் பார்த்துப் பதிவேட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். வருடா வருடம் செய்வதே நல்லது என்பேன், அதுவும் கோடை விடுமுறைக்கு முன். விடுமுறையில் அறைகளைக் காலி செய்யும்போது எது எங்கே போகிறது என்று தெரியாது. பட்டியலை வைத்துப் பொருளைத் தேடினால் மட்டும் போதாது. அறையில் இருக்கும் பொருள் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவேட்டை எழுதுபவரே எண்ணாமல் வேறொருவர் எண்ணட்டும்.

ஏதாவது குறைந்தால் அந்த வரியை அழிக்காதீர்கள். தொலைந்தது, சேதமானது, திருடுபோனது எதுவானாலும் விசாரிக்க வேண்டும் என்பது விதி. விசாரித்ததையும் எழுதி வையுங்கள். திருட்டு என்றால் போலீஸ் புகாரின் நகலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கழித்துவிடுவது

பழையது என்று குப்பையில் போட்டுவிட முடியாது. பள்ளி வாரியத்தின் முடிவு வேண்டும். விற்கப்படும் பொருட்களின் மதிப்பு 2,500 டாலருக்குள்தான் என்று கூட்டத்துக்கு வந்த உறுப்பினர்கள் ஒருமனதாக முடிவுசெய்தால், விளம்பரம் இல்லாமலே விற்கலாம். மத்திய நிதியில் வாங்கிய பொருளின் இன்றைய மதிப்பு 10,000 டாலரைத் தாண்டினால், நிதி தந்த துறையின் பங்கு என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கழித்த தேதி, முறை, விற்ற விலை மூன்றையும் பதிவேட்டில் ஏற்றுங்கள். மத்திய நிதிப் பொருளுக்கான ஆவணங்களை, கழித்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.