இண்டர்ஸ்டேட் எனும் அதிவேக நெடுஞ்சாலைகளைத் தவிர்த்து அமெரிக்கச் சிறு சாலைகளில் நிதானமாகப் பயணிக்க

பயணம் என்றதும் பெரும்பாலோர் முதலில் ஊர்களைக் குறித்துக்கொண்டு, பிறகு அவற்றை இணைக்கும் வழியைத் தேடுகிறார்கள். சிறு சாலைப் பயணத்துக்கு அந்த வரிசை பொருந்தாது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டுவது என்பதையே முதலில் முடிவுசெய்ய வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதைத் தாண்டினால் கண் சாலையை மட்டுமே பார்க்கும், மலையைப் பார்க்காது.

வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா பூங்காவிலிருந்து வட கரோலைனாவின் கிரேட் ஸ்மோக்கி மலைகள் வரை மலைமுகடுகளின் மேல் செல்லும் எழில்மிகு சாலையான புளூ ரிட்ஜ் பார்க்வேயை எடுத்துக்கொள்வோம். நீளம் 469 மைல், வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 45 மைல். காகிதத்தில் பத்தரை மணி நேரம் என்று கணக்கு வரும். ஆனால் வளைவுகளும் பனிமூட்டமும் நின்று பார்க்க அழைக்கும் காட்சி முனைகளும் சேர்ந்தால் சராசரி வேகம் முப்பது மைலுக்கு இறங்கிவிடும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. அப்படியானால் ஒரு நாளைக்கு 150 மைல். மூன்று நாளில் 450 மைல் கடந்துவிடலாம்; மீதிச் சிறு தூரத்துக்காகவும், மழைக்காகவோ மனம் ஒன்றிப்போன ஓர் ஊருக்காகவோ நான்காவது நாளையும் ஒதுக்கிவிடுங்கள். மிசிசிப்பி மாநிலத்தின் நாட்செஸிலிருந்து டென்னசியின் நாஷ்வில் அருகே வரை செல்லும் 444 மைல் நாட்செஸ் டிரேஸ் பார்க்வேக்கும் இதே கணக்குப் பொருந்தும். இரண்டிலும் சரக்கு லாரிகளுக்கு அனுமதியில்லை. அந்த அமைதிக்காகவே முதல் பயணத்துக்கு இவற்றைப் பரிந்துரைக்கிறேன்.

வழியைக் காகித வரைபடத்தில் தேடுவது நல்லது. பல மாநிலங்கள் தம் அதிகாரபூர்வ சாலை வரைபடத்தை எல்லையோர வரவேற்பு மையங்களில் இலவசமாகத் தருகின்றன; அவற்றில் பலவற்றில் எழில்மிகு சாலைகள் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். 1926இல் எண்ணிடப்பட்ட, ‘யு.எஸ்.’ என்ற முன்னொட்டுடன் நாடு முழுதும் ஓடும் பழைய நெடுஞ்சாலைகளில் பொதுவாக ஒற்றைப்படை எண்கள் வடக்கு தெற்காகவும், இரட்டைப்படை எண்கள் கிழக்கு மேற்காகவும் செல்வதால், இதை நினைவில் வைத்திருப்பவர் கைபேசி சிக்னல் இல்லாத இடத்திலும் திசை தவறமாட்டார்.

கைபேசிச் செயலியில் நெடுஞ்சாலைகளைத் தவிர்க்கும் வசதியை இயக்கினால் மட்டும் போதாது. சேருமிடத்தை மட்டும் கொடுத்தால், வழி விலகும்போதெல்லாம் அது தானே ஒரு வழியை வகுத்துக்கொள்ளும். ஆகவே நீங்கள் தேர்ந்த சாலையின் மேலேயே இடைநிறுத்தங்களாகச் சில சிற்றூர்களைக் குறித்து, நாளுக்கு ஒரு வழித்தடமாகப் பிரித்துச் சேமியுங்கள். மலைப்பகுதிகளுக்கு வரைபடத்தைப் புறப்படும் முன்பே பதிவிறக்கம் செய்துவிடுங்கள்.

பருவத்தைப் பொறுத்தும் வழி மாறும். மொன்டானாவையும் வயோமிங்கையும் இணைக்கும் பேர்டூத் சாலை 10,947 அடி உயரம் வரை ஏறுவதால் பொதுவாக மே இறுதியில்தான் திறக்கும். புளூ ரிட்ஜில் இலையுதிர் நிறம் 6,000 அடி முகடுகளில் தொடங்கி, அக்டோபர் முழுவதும் படிப்படியாகப் பள்ளத்தாக்குகளுக்கு இறங்கும். தாமதமாக வந்தவர் தாழ்வான பகுதிகளுக்குப் போனால் ஏமாற்றமிருக்காது. புளூ ரிட்ஜ் பார்க்வேயில் 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் பெரும் சேதம் விளைவித்ததால், எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பதைத் தேசியப் பூங்காச் சேவையின் அறிவிப்பில் புறப்படும் நாளன்று காலையிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்வேயின் மேல் பெட்ரோல் நிலையங்கள் கிடையாது. அருகிலுள்ள ஊர்களுக்கு இறங்க வேண்டும். நெவாடாவின் யு.எஸ். 50இல் ஃபாலனுக்கும் ஆஸ்டினுக்கும் இடையே ஏறத்தாழ 110 மைல் இருக்கிறது. எனவே, அங்கெல்லாம் டேங்கில் பாதி குறைந்ததுமே நிரப்புவதை விதியாகக் கொள்ளுங்கள்.

மெதுவாகச் செல்பவருக்கு ஒரு கடமையும் உண்டு. இருவழிச் சாலையில் பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால், பாதுகாப்பாக ஒதுங்க இடமுள்ளபோது வழிவிட வேண்டும் என்று கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் சட்டமே இருக்கிறது. மற்ற மாநிலங்களிலும், பின்னால் இரண்டு வண்டிகள் வந்ததுமே ஒதுங்கிவிடுங்கள்.

அந்தி வேளையில் மான்கள் சாலைக்கு வருவதால், அன்றைய ஓட்டத்தைச் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடும்படி தங்கும் ஊரைத் தேர்ந்தெடுங்கள். சிற்றூர்களில் விடுதிகள் குறைவு. அக்டோபர் வார இறுதிகளுக்கு மட்டுமாவது அறையை முன்பே பதிவுசெய்துவிடுங்கள்.